அபுல் ஹுசாம்: ஆர்சனிக் ஆராய்ச்சியும் நீர்ச் சுத்திகரிப்பும்

அபுல் ஹுசாம், நிலத்தடி நீரில் நுண்ணளவாகக் கலந்து நிற்கும் ஆர்சனிக் என்னும் விஷ மூலகத்தை அளந்தறியும் முறைகளிலும், மின்சாரமோ விலையுயர்ந்த மருந்துகளோ இன்றி அதனை நீக்கும் முறைகளிலும் ஆராய்ச்சி செய்து உலகப் புகழ் எய்திய பகுப்பாய்வு இரசாயன அறிஞர். 1952ஆம் ஆண்டு பிறந்த இவர், இன்று பங்களாதேசம் என வழங்கும் நாட்டின் மேற்குப் பகுதியில், கங்கையிலிருந்து பிரியும் கோராய் ஆற்றின் கரையிலுள்ள குஷ்டியா என்னும் ஊரில் வளர்ந்தவர். பாவுல் ஞானியாகிய லாலன் பகீரின் சமாதி இருப்பதாலும், இரவீந்திரநாத தாகூர் தம் குடும்பத்து ஜமீனைக் கவனிக்கும் பொருட்டு வாழ்ந்திருந்த சிலைதா மாளிகை அம்மாவட்டத்திலேயே இருப்பதாலும் வங்க இலக்கிய ரசிகர்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கமாயிருந்த அந்த ஊர், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், குடிநீரில் விஷம் கண்ட ஊர்களுள் ஒன்றாக இரசாயன சாஸ்திரிகளின் கவனத்துக்கு வந்தது. டாக்கா சர்வகலாசாலையில் இரசாயனம் பயின்ற ஹுசாம், அமெரிக்கா சென்று பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் 1982ஆம் ஆண்டு பகுப்பாய்வு இரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்று, மின்னஸோட்டாவில் சில காலம் ஆராய்ச்சி செய்தபின், 1985 முதல் வர்ஜீனியா மாகாணத்து ஜார்ஜ் மேசன் சர்வகலாசாலையில் ஆசிரியப் பணி ஏற்றார். இவர் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது 'சோனோ' என்னும் வடிகலமே. ஆயினும் அக்கலத்தை மட்டும் வருணித்து நிறுத்துவது இவருடைய பணியில் பாதியைக் கூறுவதேயாகும். நோயை அளந்தறியும் கலையில் தேர்ந்த ஒருவர் அதற்கு மருந்து தேடவும் முற்பட்டதன் விளைவாகவே அக்கலம் பிறந்தது.

நுண்ணளவு மூலகங்கள்

நீரில் கரைந்திருக்கும் பொருள்களுள் சுண்ணாம்பு, மக்னீசியம், உப்பு முதலியன லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருப்பவை. அவற்றுட் பலவற்றை நாவின் சுவையும், சோப்பு நுரைக்காமையும், பாத்திரத்தில் படியும் வெண்மையும் நமக்கு அறிவித்துவிடும். ஆர்சனிக், ஈயம், பாதரசம், காட்மியம் முதலிய மூலகங்களோ லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருந்தே தீங்கு விளைப்பவை. ஒரு லிட்டர் நீரில் ஒரு மைக்ரோகிராம் என்பது நூறு கோடிப் பங்கு நீரில் ஒரு பங்கு என்பதற்குச் சமானம். குடிநீரில் ஆர்சனிக்குக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 1993ஆம் ஆண்டு வகுத்த எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பங்களாதேச அரசாங்கத்தின் எல்லை 50. இவ்வளவு அற்பமான அளவில் கலந்துள்ள ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. தெளிந்து குளிர்ந்து வரும் நீரே விஷ நீராகவும் இருக்கக்கூடும். கொதிக்க வைத்தால் நோய்க்கிருமிகள் மாயும். ஆர்சனிக்கோ ஆவியாய்ப் போகாமல், நீர் சுண்டச் சுண்ட அடர்த்தி மிகுந்து நிற்கும். ஆகவே கொதிநீரே சுத்த நீர் என்று தலைமுறை தலைமுறையாக மக்களுக்குப் போதிக்கப்பட்ட சுகாதார உபதேசம் இந்த விஷத்தின் முன்னே பயனற்றுப் போகிறது.

உடம்பில் அதன் செயல் மெதுவானது. பல ஆண்டுகள் அந்நீரைப் பருகியவர்களின் மார்பிலும் முதுகிலும் மழைத்துளி விழுந்த புழுதிபோலக் கருமையும் வெண்மையுமான புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்ப்பேறும். காலப்போக்கில் தோல், மூத்திரப்பை, நுரையீரல் ஆகிய உறுப்புக்களில் புற்றுநோய் உண்டாகும். தைவான் தீவின் தென்மேற்குக் கரையில் ஆழ்கிணற்று நீரைப் பருகியோரின் பாதங்கள் கருகி அழுகும் 'கரும்பாத நோய்' இவ்விஷத்தோடு தொடர்புடையதென்று வங்கத்துச் செய்தி வெளிவருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே வைத்தியர்கள் எழுதியிருந்தனர். டாக்காவுக்கு அருகிலுள்ள ஆராய்ஹஜார் என்னும் வட்டாரத்தில் பன்னீராயிரத்துக்குச் சற்றுக் குறைந்த தொகையினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியாளர், அங்கு நேர்ந்த மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஆர்சனிக்கால் நேர்ந்ததெனக் கணித்து 2010ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

வங்கத்துக் குழாய்க் கிணறுகள்

இந்த விபத்தின் வரலாற்றில் வருந்தத்தக்க அமிசம் ஒன்றுண்டு: அது நன்மை செய்யும் எண்ணத்திலேயே தொடங்கியது. வங்கத்துக் கிராமவாசிகள் பன்னெடுங் காலமாகக் குளத்து நீரையும் ஆற்று நீரையுமே பருகி வந்தனர். வாந்திபேதியும் வயிற்றுப்போக்கும் அந்நீரின் வழியாகப் பரவி ஆண்டுதோறும் எண்ணற்ற குழந்தைகளைக் கொண்டுபோயின. 1971ஆம் ஆண்டு விடுதலையடைந்த பங்களாதேசத்தில், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரப் பொறியியல் இலாகாவும் ஒன்று சேர்ந்து, கிருமியற்ற நிலத்தடி நீரை மக்களுக்கு அளிக்கும் பொருட்டு ஊர்தோறும் குழாய்க் கிணறுகளை இறக்கின. ஈரமான வண்டல் மண்ணில் குழாயை இறக்குவது எளிது, செலவும் சொற்பம். இரண்டொரு நாளில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கிணற்றை இறக்கி, மேலே கைப்பம்பு ஒன்றை மாட்டிவிட முடிந்தது. ஆகவே அரசாங்கம் தொடங்கி வைத்ததை மக்கள் தாமே மேற்கொண்டு, வீட்டுக்கு ஒரு கிணறு என்னும் அளவுக்குப் பெருக்கினர். கைப்பம்பு குடும்பத்தின் கௌரவத்துக்கும் அடையாளமாயிற்று.

கல்கத்தாவின் வெப்பமண்டல வைத்தியப் பள்ளியில் தோல்நோய் நிபுணராயிருந்த கே. சி. சாஹா, 1983ஆம் ஆண்டு மேற்கு வங்காளக் கிராமவாசி ஒருவரின் தோலில் கண்ட குறிகள் ஆர்சனிக் நஞ்சின் குறிகளே என்று தெளிந்தார். யாதவபூர் சர்வகலாசாலையைச் சேர்ந்த தீபங்கர் சக்ரவர்த்தி 1988 முதல் கிராமம் கிராமமாகச் சென்று கிணற்று நீரையும் மக்களின் மயிரையும் நகத்தையும் சேகரித்துச் சோதித்து, அபாயத்தின் பரப்பை ஓயாது எடுத்துரைத்தார். நில எல்லை நஞ்சுக்கு எல்லையாகாது, அப்பாலுள்ள நாட்டிலும் அது இருந்தே தீரும் என்று முன்கூட்டி எச்சரித்தவர்களுள் அவரும் ஒருவர். 1993ஆம் ஆண்டு பங்களாதேசத்தின் சாபாய் நவாப்கஞ்ச் பகுதியில் ஆர்சனிக் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு ஓராண்டுக்கு முன், அதாவது 1992ஆம் ஆண்டு, பிரித்தானியப் புவியியல் ஆய்வகத்தார் அந்நாட்டின் ஒரு பகுதிக் கிணறுகளைச் சோதித்து, பற்பல மூலகங்களை அளந்தவர்கள், ஆர்சனிக்கை மட்டும் அளவாது விட்டனர். அது குறித்து லண்டனில் தொடரப்பட்ட வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்று 2006ஆம் ஆண்டு தள்ளுபடியாயிற்று. சட்டத்தின் தீர்ப்பு எவ்வாறாயினும், தேடாத மூலகம் எந்தக் கருவியிலும் அகப்படாது என்பது பகுப்பாய்வு இரசாயனத்தில் பாலபாடம். அது இங்கே மிகுந்த விலை கொடுத்துக் கற்கப்பட்டது.

பின்னர் 1998-99ஆம் ஆண்டுகளில் அதே ஆய்வகமும் பங்களாதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் இலாகாவும் சேர்ந்து நாடு முழுவதிலும் 3,534 கிணறுகளைச் சோதித்தபோது, 150 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் நூற்றுக்கு 27 லிட்டருக்கு 50 மைக்ரோகிராமையும், நூற்றுக்கு 46 லிட்டருக்கு 10 மைக்ரோகிராமையும் தாண்டி நின்றன. 50க்கு மேற்பட்ட நீரைப் பருகுவோர் மூன்றரைக் கோடிப் பேர் என்பது அவர்கள் கணக்கு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரை, மனித வரலாற்றில் மக்கள் தொகுதி ஒன்றுக்கு நேர்ந்த விஷ விபத்துக்களுள் இதுவே மிகப் பெரிது என்று கூறியது.

விஷம் வந்த வழி

ஆலைக் கழிவோ பூச்சிமருந்தோ இதற்கு மூலமன்று. இமயத்துப் பாறைகள் காலந்தோறும் தேய்ந்து, கங்கை, பிரம்மபுத்திரா ஆகிய பேராறுகளால் அடித்துக்கொண்டு வரப்பட்டு வண்டலாகப் படிந்தபோது, அம்மண்ணின் துகள்களைச் சூழ்ந்திருந்த துருப்போன்ற இரும்பு ஆக்சைடுப் பூச்சில் ஆர்சனிக்கும் சிறிது ஒட்டிக்கொண்டு வந்தது. அது அங்ஙனம் ஒட்டியிருக்கும் வரை தீங்கில்லை. ஆயின் வண்டலோடு புதைந்த இலை தழை முதலிய அங்ககப் பொருள்களைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள், நிலத்தடியில் பிராணவாயு தீர்ந்துபோன பின்பு, அவ்விரும்பு ஆக்சைடையே தம் சுவாசத்துக்குப் பயன்படுத்திக் கரைத்துவிடுகின்றன. இரும்பு கரையவே, அதைப் பற்றியிருந்த ஆர்சனிக்கும் நீரில் விடுபடுகிறது. 1998ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான ஆராய்ச்சி இவ்விளக்கத்தை முன்வைத்தது. இன்று அறிஞருட் பெரும்பாலோர் ஏற்பது இதுவே. மதுபூர், பாரிந்த் ஆகிய மேட்டுநிலங்களின் தொன்மையான மண்ணில் விஷம் குறைந்திருப்பதற்கும், அண்மைக் காலத்து வண்டலில் அது மிகுந்திருப்பதற்கும், 150 மீட்டருக்கு ஆழ்ந்த கிணறுகள் பெரும்பாலும் சுத்தமாயிருப்பதற்கும் இவ்விளக்கம் பொருந்திவருகிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டுக் கிணறு நல்லதாகவும் அடுத்த வீட்டுக் கிணறு நஞ்சாகவும் இருக்கும் விசித்திரமும் மண்படுகைகளின் இந்த ஒழுங்கின்மையால் விளைவதே; ஆதலால் ஊருக்கு ஒரு கிணற்றைச் சோதித்து ஊரைப் பற்றித் தீர்ப்புக் கூற இயலாது, கிணறு கிணறாகச் சோதித்தாக வேண்டும்.

அளவைக் கலை

ஹுசாமின் பங்கு இவ்விடத்தில் தொடங்குகிறது. ஆர்சனிக்கைக் கண்டறியும் கலை பழமையானது. 1836ஆம் ஆண்டு ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேயர் வகுத்த சோதனை, வெள்ளைப் பாஷாணம் கொடுத்துக் கொலை செய்தவர்களை நியாயஸ்தலங்களில் காட்டிக் கொடுத்துப் பேர்பெற்றது. அதன் வழிவந்த எளிய சோதனையில், நீரிலுள்ள ஆர்சனிக் வாயுவாக மாற்றப்பட்டுப் பாதரச புரோமைடு தோய்ந்த காகிதத்தை மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிறமேற்றும். அந்நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுக் களப்பணியாளர் அளவைச் சொல்லுவர். இலட்சக்கணக்கான கிணறுகளை விரைவில் சோதிக்க அம்முறையை விட்டால் வேறு வழியில்லை என்பது உண்மையே. எனினும் நிறம் மங்கிய இடத்தில், அதாவது 50 மைக்ரோகிராமை ஒட்டிய அளவுகளில், அது பிழைபட்டது. சோதித்த கிணறுகளில் நல்லவற்றுக்குப் பச்சையும் தீயவற்றுக்குச் சிவப்பும் பூசுவது வழக்கமாதலின், பிழைபட்ட இடத்தில் நல்ல கிணறு சிவப்புச் சாயமும் தீய கிணறு பச்சைச் சாயமும் பெற்றன. பச்சை பெற்ற தீய கிணற்றினும் கொடியது வேறில்லை.

பிட்ஸ்பர்க்கில் பயின்ற காலம் முதல் மின் இரசாயன அளவைகளில் ஈடுபாடு கொண்டிருந்த ஹுசாம், தங்க மின்வாய் கொண்டு ஆர்சனிக்கை அளக்கும் முறையைக் கணிப்பொறி இயக்கும் ஒரு கருவியில் அமைத்து, வங்கத்துக் கிணற்று நீருக்கு ஏற்றவாறு செப்பனிட்டார். முறையின் தத்துவம் எளிது. கரைசலில் நிற்கும் தங்க மின்வாய்க்கு எதிர் மின்னழுத்தம் ஊட்டினால், ஆர்சனிக் அணுக்கள் அதன்மீது மெல்லிய படலமாகப் படியும். பின்னர் மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல மாற்றினால், குறிப்பிட்ட ஓரிடத்தில் அப்படலம் மீண்டும் கரையும். கரையும்போது எழும் மின்னோட்டத்தின் உயரம் ஆர்சனிக்கின் அளவைக் கூறும். நீரில் ஆர்சனிக் இரண்டு நிலைகளில் இருக்கிறது: ஒன்று மூன்று இணைதிறன் கொண்ட ஆர்சனைட்டு, மற்றொன்று ஐந்து இணைதிறன் கொண்ட ஆர்சனேட்டு. மின்வாயில் எளிதாகப் படிவது முன்னதே. பின்னதை முதலில் ஒடுக்கி முன்னதாக மாற்றியபின்பே அளக்க முடியும். ஆகவே முதலில் ஒருமுறையும், ஒடுக்கியபின் மறுமுறையும் அளந்தால் இரண்டின் அளவையும் தனித்தனியே பெறலாம். குஷ்டியாவில் வைத்தியராயிருந்த இவருடைய சகோதரர் ஏ. கே. எம். முனீரும் உடனுழைக்க, அவ்வூரில் அமைந்த சோதனைச்சாலையில் பல நூறு கிணறுகளின் நீரும் ஆராயப்பட்டது. தம் குடும்பத்தார் பருகிவந்த கிணற்று நீரிலும் ஆர்சனிக் இருக்கக் கண்டதாக ஹுசாம் கூறியிருக்கிறார். இவ்வளவைகளின் விவரம் 2002ஆம் ஆண்டு வெளிவந்தது.

இரண்டு நிலைகளையும் பிரித்தறிவதில் இத்துணை ஆர்வம் எதற்கு எனில், நீக்கும் முறையின் முழு இரகசியமும் அதில்தான் இருக்கிறது. ஐந்து இணைதிறன் ஆர்சனேட்டு சாதாரண நீரில் எதிர் மின்னேற்றம் கொண்டு இயங்குவதால் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் பரப்பில் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். மூன்று இணைதிறன் ஆர்சனைட்டோ மின்னேற்றம் இல்லாத அமிலமாக நிற்பது. சுங்கச் சாவடியை வெறுங்கையோடு கடக்கும் வழிப்போக்கனைப் போல, பெரும்பாலான சுத்திகரிப்புச் சாதனங்களின் வழியாக அது தடையின்றி வெளியேறிவிடும். அந்நிலையே அதிக நஞ்சு வாய்ந்தது. பிராணவாயு இல்லாத வங்கத்து நிலத்தடி நீரில் பெரும்பான்மையாக இருப்பதும் அதுவே. டென்மார்க்கின் உதவியோடு பரப்பப்பட்ட இருவாளி முறையில் படிகாரத்தோடு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் சேர்த்ததன் காரணம், முதலில் ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றுவதேயாகும். ஆனால் நாள்தோறும் மருந்தை அளந்து போட்டுக் கலக்கி, தெளிய விட்டு, படிந்த சேற்றை அகற்றும் வேலை அடுப்படி வேலையின் நடுவே நெடுங்காலம் நடைபெறவில்லை.

சோனோ வடிகலம்

ஹுசாமும் முனீரும் முயன்ற முதற் சாதனம் மிகவும் நாட்டு வாசனை வீசுவது: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று மண் குடங்கள். வங்காளியில் குடத்துக்கு 'கொல்சி' என்று பெயராதலின் இது முக்கொல்சி வடிகட்டி என வழங்கிற்று. மேற்குடத்தில் மணலும் இரும்புச் சீவலும், நடுக்குடத்தில் மணலும் மரக்கரியும், அடிக்குடம் நீர் சேர்வதற்கு. மேலிருந்து ஊற்றிய நீர் இரும்பின் ஊடே இறங்கி ஆர்சனிக்கை இழந்து கீழே சேரும். சோதனையில் இது வியக்கத்தக்கவாறு பயனளித்தது. ஆயின் வீட்டில் சில மாதம் பயன்பட்டதும், துருவேறிய இரும்புச் சீவல்கள் ஒன்றோடொன்று இறுகிக் கல்லாகி, நீர் இறங்கும் வழியை அடைத்துவிட்டன. மண்குடங்கள் உடைந்தன, பாக்டீரியாவும் வளர்ந்தது. சோதனைச்சாலையில் வென்று சமையலறையில் தோற்ற முறைகள் பல. இதுவும் அவற்றுள் ஒன்றாக மறைந்திருக்கக் கூடும்.

ஹுசாமும் முனீரும் அதைக் கைவிடாது, வார்ப்பிரும்பைக் கடையும் பட்டறைகளில் உதிரும் சீவல்களைப் பக்குவம் செய்து, துருவேறினும் இறுகி அடைபடாத நுண்துளைத் திரளாக ஆக்கும் வழியைக் கண்டனர். 'கலப்பு இரும்புத் திரள்' என அவர்கள் வழங்கிய இதுவே சோனோ வடிகலத்தின் உயிர்நிலை. மண்குடங்களுக்குப் பதிலாக இரண்டு வாளிகள் வந்தன. மேல்வாளியில் ஆற்று மணலும், இடையே இரும்புத் திரளும், மறுபடி மணலும். கீழ்வாளியில் மணலும் மரக்கரியும் செங்கற் சல்லியும். மேல்வாளி ஆர்சனிக்கையும், இரும்பு, மாங்கனீசு முதலியவற்றின் பெரும்பகுதியையும் பிடித்துக்கொள்ளும். கீழ்வாளி எஞ்சிய இரும்புத் துகளையும் வாடையையும் போக்கித் தெளிந்த நீரைத் தரும். மின்சாரம் வேண்டா, நாள்தோறும் இடவேண்டிய மருந்தும் இல்லை, நீர் தன் எடையாலேயே இறங்கும். மணிக்கு இருபது லிட்டர் வரை பெறலாம். 'சோனோ' என்ற பெயர், குஷ்டியாவில் இச்சகோதரர்கள் ஆராய்ச்சி நடத்திய சோதனைச்சாலையின் பெயரிலிருந்து வந்தது.

உள்ளே நிகழும் இரசாயனம் புறத்தோற்றத்தைப் போல எளிதன்று. காற்றிலிருந்து கரைந்த பிராணவாயு இரும்பைத் துருவாக்கும்போது மிகுந்த வீரியமுள்ள ஆக்சிகரணப் பொருள்கள் கணநேரம் தோன்றி மறைகின்றன. அவையும், இரும்புத் திரளிலுள்ள மாங்கனீசும் சேர்ந்து ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றுகின்றன. அங்ஙனம் மாறிய ஆர்சனேட்டு, அப்பொழுதே பிறந்த நீரேறிய இரும்பு ஆக்சைடின் பரப்பில் நேரான இரசாயனப் பிணைப்பால் கட்டுண்டுபோகிறது. நிலத்தடியில் எந்த இரும்பு ஆக்சைடு கரைந்ததால் விஷம் வெளிப்பட்டதோ, அந்த ஆக்சைடையே வாளிக்குள் மீண்டும் பிறப்பித்து விஷத்தைச் சிறைப்படுத்துவதே இவ்வடிகலத்தின் செயல். பிராணவாயுவால் ஆக்சிகரணம் மெல்ல நிகழும் என்பது பாடப்புத்தகச் செய்தி. இரும்பு துருவேறும் தருணத்தில் அது விரைந்து நிகழ்வதைத் தம் அளவைக் கருவியால் படிப்படியாகக் காண வல்லவராயிருந்ததனால்தான், வடிந்த நீரில் எந்த நிலை எவ்வளவு எஞ்சியது என்று ஹுசாமால் துணிந்து கூற முடிந்தது. லிட்டருக்குப் பல நூறு மைக்ரோகிராம் கொண்ட நீரும் வடிந்தபின் 10 மைக்ரோகிராமுக்குக் குறைந்து நின்றதென 2007ஆம் ஆண்டு ஹுசாமும் முனீரும் வெளியிட்ட கட்டுரை காட்டுகிறது. பயன் தீர்ந்த திரளைக் குப்பையில் எறிந்தால் விஷம் மறுபடி கசியுமோ என்ற நியாயமான ஐயத்துக்கும், அமெரிக்க முறைப்படி செய்த கசிவுச் சோதனை திருப்தியான விடையளித்தது.

பங்களாதேச அரசாங்கம் ஆர்சனிக் நீக்கும் சாதனங்களைச் சோதித்து 2004ஆம் ஆண்டு விற்பனைக்கு அங்கீகரித்த நான்கனுள் சோனோவும் ஒன்று. எஞ்சிய மூன்றும் அயல்நாட்டுப் பொருள்களை நம்பியவை. குஷ்டியாவிலுள்ள மானப் சக்தி உன்னயன் கேந்திரம் என்ற தொண்டு நிறுவனம் இக்கலங்களை உள்ளூர்ப் பொருள்களால், உள்ளூர்த் தொழிலாளரைக் கொண்டு செய்யத் தொடங்கியது. ஒன்றின் விலை அக்காலத்தில் ஏறக்குறைய 35 முதல் 40 டாலராயிருந்தது. ஐந்தாண்டுகளாவது உழைக்கும் ஒரு கலத்துக்கு இது அதிகமன்று என்று வெளிநாட்டவர் எழுதினர். நாட்கூலி வாங்கும் குடியானவன் அவ்வாறு எண்ணியிருப்பான் என்று தோன்றவில்லை. பெரும்பாலான கலங்கள் நன்கொடையாகவும் தொண்டு நிறுவனங்களின் மூலமாகவுமே வீடுகளைச் சேர்ந்தன.

அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமி, கிரெய்ஞ்சர் அறநிதியின் ஆதரவில், வளரும் நாடுகளின் கிணற்று நீரிலிருந்து மலிவாக ஆர்சனிக்கை நீக்கும் சாதனத்துக்குப் பரிசளிப்பதாக அறிவித்து, 2007ஆம் ஆண்டு பத்து இலட்சம் டாலர் கொண்ட பொற்பரிசை ஹுசாமுக்கு வழங்கியது. அப்போது பங்களாதேசத்தில் சுமார் 30,000 கலங்கள் பயன்பாட்டில் இருந்தன. பரிசுப் பணத்தில் நூற்றுக்கு 70 பங்கை மக்களுக்கு வடிகலங்கள் அளிப்பதற்கும், 25 பங்கை மேலும் ஆராய்ச்சிக்கும், எஞ்சிய ஐந்து பங்கைத் தம் சர்வகலாசாலைக்கும் அவர் ஒதுக்கினார். தமக்கென அவர் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்பது அக்கணக்கைக் கூட்டிப் பார்த்தாலே விளங்கும்.

பிற முயற்சிகள்

அதே போட்டியில் வெள்ளிப் பரிசு பெற்ற அருப் சென்குப்தா பென்சில்வேனியாவின் லீஹை சர்வகலாசாலைப் பேராசிரியர். வீட்டுக்கு ஒரு கலம் என்னும் வழியை விடுத்து, ஊர்ப் பொதுக்கிணற்றின் தலையிலேயே சுத்திகரிப்புத் தொட்டியைப் பொருத்தி, கிராமக் கமிட்டி ஒன்று மாதச் சந்தா வசூலித்து அதனைப் பராமரிக்கும் ஏற்பாட்டை, சிப்பூர் வங்காளப் பொறியியல் கல்லூரியின் துணையோடு மேற்கு வங்காளத்தில் நடத்திக் காட்டியவர் அவர். தொட்டியிலுள்ள அலுமினா நிறைவுற்றால் அதைக் காரத்தால் கழுவி மறுபடி பயன்படுத்துவதும், கழுவிய ஆர்சனிக்கை ஓரிடத்தில் அடக்கி வைப்பதும் அம்முறையின் சிறப்பு. சென்னை ஐ. ஐ. டி.யில் தலாப்பில் பிரதீப் தலைமையில் இரும்பு ஆக்சைடின் நுண்துகள்களைக் கைட்டோசான் என்னும் அங்ககப் பொருளில் பொதிந்து உருவாக்கிய 'அம்ரித்' முறையும் இரும்பையே கருவாகக் கொண்டது. 2017ஆம் ஆண்டு அதன் விவரம் வெளியாயிற்று, இந்தியாவின் ஆர்சனிக் பாதித்த மாநிலங்களில் அது பயன்பட்டு வருகிறது. ஆர்சனிக் ஆராய்ச்சியில் ஈடுபட்டோருட் பலர் கடைசியில் துருவிடமே வந்து சேர்ந்தது கவனிக்கத்தக்கது.

குறைகளும் எல்லைகளும்

சோனோ வடிகலத்தைக் குறைகூறுவோரும் உண்டு. அவர்கள் கூற்றில் நியாயமும் உண்டு. இரும்பு மிகுந்த நீரில் மேல்மணல் விரைவில் அடைபடும்; அதை எடுத்து அலசிப் போட வேண்டும். பாக்டீரியா வளராதிருக்க வெந்நீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் வேண்டும். நீரில் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் மிகுந்த இடங்களில் அவை ஆர்சனிக்கோடு போட்டியிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் திரளின் ஆயுள் குறையும். இவற்றினும் பெரிய குறை, திரள் நிறைவுற்ற நாளை அது எவ்வகையாலும் அறிவிப்பதில்லை என்பது; வடிகலத்திலிருந்து வரும் நீர் அன்றும் தெளிந்தே இருக்கும். மறுபடியும் அளவை தேவைப்படுகிறது. கலத்தைக் கொடுத்துவிட்டு அளவுகோலைக் கொடாது போனால், பச்சைச் சாயம் பூசிய தீய கிணற்றின் கதையே வேறு உருவில் திரும்பும். வடிகலம் தொடாத வழியும் ஒன்றுண்டு: வறண்ட பருவத்து நெற்பயிர் அதே ஆழமற்ற கிணறுகளின் நீரால் பாய்ச்சப்படுவதால், ஆர்சனிக் அரிசியின் வழியாகவும் உடம்பைச் சேர்கிறது.

ஆகவே ஆழ்கிணறு இறக்குதல், நல்ல கிணற்றுக்கு மாறுதல், மழைநீர் சேர்த்தல் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க வழிகளுள் ஒன்றாகவே அறிஞர் பலர் வடிகலத்தைக் கருதுகின்றனர். அண்டை வீட்டுக் கிணறு நல்லதாயிருந்தால் அங்கே நடந்து சென்று நீர் மொள்வதே மலிவான பரிகாரம். அங்ஙனம் கிணறு கிடையாத ஊர்களில், ஆழ்கிணறு வரும்வரை காத்திருக்க இயலாத குடும்பங்களுக்கு, சோனோவைக் காட்டிலும் எளிதில் கைவசப்படும் சாதனம் அக்காலத்தில் வேறொன்று இருக்கவில்லை என்பதே அதைப்பற்றிக் கூறத்தக்க நேர்மையான தீர்ப்பு. பங்களாதேச அரசாங்கம் நடத்திய பெருஞ் சோதனையில் ஏறக்குறைய 50 இலட்சம் கிணறுகள் ஆராயப்பட்டு, அவற்றுள் சுமார் 14 இலட்சம் சிவப்புச் சாயம் பெற்றன. ஆர்சனிக் வெளிப்பட்டு இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்த 2016ஆம் ஆண்டிலும், லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட நீரைப் பருகுவோர் அந்நாட்டில் இரண்டு கோடிப் பேர் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை தெரிவித்தது.